வாயில்லாச் சீவன்களுக்கு ஒரு தாய்

புதுச்சேரியின் பழைய இல்லங்களில், காகத்துக்கும் தெரு நாய்க்கும் ஒரு பிடி சோறிடாமல் தாம் உண்ணாத பாட்டிமார் வாழ்ந்தனர். அவர்களை எண்ணும்போதெல்லாம், அதே அன்பை நாட்டுக்கே சட்டமாக்கிய மூதாட்டி ஒருவரும் நினைவுக்கு வருகின்றார். அவரே ருக்மிணி தேவி அருண்டேல்.

1904-இல் மதுரையில் பிறந்து, 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அவரை மாணவர் ‘அத்தை’ என்றே அழைத்தனர். 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதி கூறவே, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம் பெயரைவிட, விலங்குகள் பெறும் பயனே அவருக்குப் பெரிதாயிற்று. 1960-இல் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். 1986-இல் மறைந்தார்.

மிகுபாரம் ஏற்றுவதும், அடித்துத் துன்புறுத்துவதும், வளர்க்கும் விலங்கைப் பட்டினி போடுவதும் அச்சட்டப்படி குற்றம். ஆயினும் மாடு காவல் நிலையம் சென்று முறையிடுமா? அதற்காகப் பேச வேண்டிய வாய் நம்முடையதே. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.