காலியாகத் தெரிந்த தடம்

சென்னையில் பேருந்துக்குத் தனித்தடம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருவர், “அதான் தில்லியில பாத்தோமே” என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். தில்லியில் என்ன பார்த்தோம் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அங்கே பேருந்துக்குத் தனித்தடம் இருந்த ஆண்டுகளில் தெற்கு தில்லியில் குடியிருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தத் தடம் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். 2008 ஏப்ரலில் வெள்ளோட்டம் விட்டார்கள். தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் போயிருக்க வேண்டிய திட்டம், முதல் துண்டோடு நின்றுவிட்டது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோரின் யோசனை அது. சாலை நடுவே பேருந்துக்குத் தனித்தடம், அதன் இருபுறமும் மற்ற வண்டிகள், ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனி வழி. தில்லியில் சைக்கிள்காரருக்கு ஒரு வழி ஒதுக்கியதே அன்றைக்குப் பெரிய அதிசயம்.

அந்தச் சாலையைத் தெரிந்துகொண்டால்தான் பிறகு நடந்த சண்டை புரியும். தென்கோடியில் தட்சிண்புரி, மதன்கிர், கான்பூர். நகரின் குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்திய காலங்களில் மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள் அங்கே நிறைய. வடக்கே வரவர கிரேட்டர் கைலாஷ், டிஃபென்ஸ் காலனி. வாசலுக்கு இரண்டு கார் நிற்கும் தெருக்கள். காலையில் தெற்கிலிருந்து ஏறுகிறவர்கள் அந்த வடக்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்க, குழந்தை பார்க்க, காவல் நிற்க, கார் ஓட்டப் போகிறவர்கள். ஒரே சாலையில் முதலாளியும் வேலைக்காரரும் ஆளுக்கொரு தடத்தில் போனார்கள். அதில் வேலைக்காரரின் தடம் வேகமாக நகர்ந்தது. பலருக்குப் பொறுக்காமல் போனது இந்த இடம்தான் என்பது என் எண்ணம்.

திட்டத்தில் குறையே இல்லையா? ஏராளம். சிராக் தில்லி சந்திப்பில் சிவப்பு விழுந்தால் எப்போது பச்சை வரும் என்று சொல்ல முடியாது. தொடக்க நாட்களில் சிக்னல்களும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நிறுத்தங்களைச் சந்திப்புக்கு முன்னால், நடுச்சாலையில் வைத்திருந்தார்கள். ஆகவே இறங்குகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டுமானாலும் கார் வரிசையைத் தாண்டியாக வேண்டும். ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கையில் பிள்ளை என்று இறங்கும் பெண், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்க, பாதி சாலையில் நின்று மறுபாதிக்கு வழி பார்ப்பாள். ஒரு பேருந்து பழுதாகி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். காரையும் மோட்டார் சைக்கிளையும் தடத்துக்குள் விடாமல் தடுக்கச் சீருடை போட்ட ஆட்களை நிறுத்தினார்கள். அவர்கள் கையைக் காட்டுவார்கள், வண்டிக்காரர்கள் வளைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். வேறு வழியில்லை, சிரித்துவிட்டு நகர்ந்தேன் நானும்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். ஆனால் அன்றைய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எழுப்பிய கேள்வி வேறு: நாங்கள் நெரிசலில் தவிக்கும்போது பக்கத்துத் தடம் ஏன் காலியாகக் கிடக்கிறது?

என் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி ஒருவர் இருந்தார். மாலை நடையில் பிடித்துக்கொள்வார். “சாலை வரி கட்டறவன் நான். ரோட்டைப் பஸ்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. என்ன சார் நியாயம்?” அவருடைய காரை ஓட்டும் பையன் கான்பூரிலிருந்து அதே பஸ்ஸில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். முன்பெல்லாம் தாமதமாக வந்து திட்டு வாங்குகிறவன் இப்போது நேரத்துக்கு வருகிறானே சார் என்றேன். “அது வேற விஷயம்” என்றார். எனக்கு அது ஒன்றுதான் விஷயமாகப் பட்டது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒன்றில் அறுபது பேர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3,600 பேர் போகிறார்கள். ஒரு பேருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே அந்தத் தடம் வெறிச்சோடித்தான் தெரியும். பக்கத்துத் தடத்தில் ஒரு காருக்கு ஒருவரோ இருவரோ அமர்ந்து, முட்டிக்கொண்டு நிற்கும்போது அது நிரம்பி வழிவதுபோல் இருக்கும். கண் வண்டியை எண்ணுகிறது. சாலையின் இடம் வண்டிக்கு அல்ல, ஆட்களுக்கே என்று மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-இலேயே எழுதிவைத்திருந்தது. எழுதியதோடு சரி.

2012-இல் ஓர் அமைப்பு தனித்தடத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கின் நடுவே மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு நடத்தி, தனித்தடம் இல்லாமலிருப்பதே மேல் என்றது. அப்படியிருந்தும் அந்த அக்டோபரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பேருந்துக்காரர்கள் வென்றார்கள் என்று நினைத்தோம். ஆனால் 2015-இல் ஆம் ஆத்மி அரசு தடத்தையே எடுத்துவிட முடிவு செய்தது. 2016 ஜனவரியில் இடிக்கத் தொடங்கினார்கள். எளியவர்களின் கட்சி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் காரில் போகிறவர்களின் கோபமே பெரிதாகக் கேட்டது.

தனித்தடம் இந்தியாவுக்கே ஒத்துவராது என்பவர்கள் அகமதாபாத்துக்கு ஒருமுறை போய் வரலாம். 2009-இல் அங்கே ஜன்மார்க் என்ற பேருந்துத் தனித்தடம் தொடங்கியபோது நெரிசலான சாலையைத் தொடாமல், ஆர்.டி.ஓ.விலிருந்து பிரானா வரையிலான அகலச் சாலையில் ஆரம்பித்தார்கள். மூடிய நிலையம், ஏறும் முன்பே டிக்கெட், பேருந்தின் தளத்துக்குச் சமமான நடைமேடை. பத்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் ஏறச் சிரமமில்லை. மறுபக்கம், போபாலில் இருந்த தனித்தடத்தை 2024-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. எங்கே, எப்படித் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது பாதிப் பிழைப்பு.

சரி, தடத்தை எடுத்த பிறகு சிராக் தில்லியில் நெரிசல் தீர்ந்ததா? இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை லாஜ்பத் நகரிலிருந்து சாகேத் வரை ஒரு மெட்ரோ பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆண்ட்ரூஸ் கஞ்ச், கிரேட்டர் கைலாஷ், சிராக் தில்லி என்று பழைய பேருந்துத் தடத்தின் பக்கமாகவே அது போகிறது. இன்னொரு பாதையையும் சேர்த்து 8,399 கோடி ரூபாய். மெட்ரோ வரட்டும், நல்லதுதான். அந்தத் தடத்தை இடித்ததற்கும் இந்த ஒப்புதலுக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் மதன்கிர்க்காரர்கள் காருக்குப் பின்னால் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள்.

சென்னையில் இதற்கான திட்டங்கள் பல காலமாகப் பேச்சில் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டரும் போட்டபாடில்லை. இனி யாராவது மறுபடி எடுத்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் குளிரூட்டிய அரங்கில் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்துக்கு பஸ்ஸில் போகிறவர் யாரும் வர முடியாது. காலை எட்டு மணிக்கு சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள்.