படகுத்துறையில் கண்டிப்பு

கோடை விடுமுறையிலும், கார்த்திகை மார்கழி மாதங்களிலும் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு மலையேறும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஐயப்பன் சந்நிதானத்துக்குச் செல்லும் பக்தர்களில் பலரும், குழந்தை குட்டிகளுடன் உல்லாசமாகப் புறப்படும் குடும்பத்தினரும் தேக்கடிப் படகுத்துறையில் வந்து கூடுகின்றனர். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உண்டான அந்த ஏரியின் ஜலமே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு உயிர். ஆதலின் நம்மவர்க்கு அதன்மீது தனிப் பாசம் உண்டு. பாசம் காரணமாக ஜாக்கிரதை குறைந்துவிடலாகாது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

2009-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு அந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். சேவைக்கு வந்து அதிக காலம் ஆகாத புதுப் படகு அது. கரையில் மிருகங்களைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது விபத்துக்கு ஒரு காரணமென்று அப்போதே கூறப்பட்டது. மிருகங்களைக் காட்டுவதற்கென்றே விடப்படும் படகில், அவற்றைக் கண்டதும் ஜனங்கள் எழுந்து ஓடுவார்கள் என்பதை எதிர்பாராதது யார் குற்றம்? மாண்டவர்கள்மீது பழியைச் சுமத்திவிட்டு அதிகாரிகள் கை கழுவ முடியாது.

கம்பம் சந்தைக்கு மூட்டை ஏற்றும் வண்டிக்காரர், முன்பாரம் பின்பாரம் பாராமல் மாட்டைப் பூட்டமாட்டார். அவருக்கு எந்தக் கலாசாலையும் இதைக் கற்பிக்கவில்லை. தரையில் பாரம் தவறினால் மூட்டைதான் சரியும். ஜலத்தில் தவறினாலோ படகே புரண்டுவிடும். மேல்தட்டில் கனம் ஏற ஏறப் படகின் நிலை கெடுகிறது. ஆட்களின் கனத்தோடு பைகளும், சாப்பாட்டுக் கூடைகளும், தண்ணீர்க் குடங்களும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேர உல்லாசச் சவாரிக்கு வீட்டுச் சாமான்கள் எதற்கு? அவற்றைக் கரையில் வாங்கி வைத்து, வில்லை கொடுத்து, திரும்பியதும் ஒப்படைக்கும் ஏற்பாடு ஒவ்வொரு படகுத்துறையிலும் இருத்தல் அவசியம். நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பை, ஆபத்து வேளையில் காலைத் தடுக்கும் கண்ணியாகிவிடும்.

பெரிய உல்லாசக் கப்பல்களில் இவ்வேற்பாடு நெடுநாளைய வழக்கம். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிச் சோதித்து, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி அனுப்பிவிடுகின்றனர். பிரயாணி வெறுங்கையுடன் ஏறுகிறார். 2022 ஜூனில் சென்னையிலிருந்து அத்தகைய கப்பல் புறப்பட்டபோது நம்மவர் சிலரும் இதைக் கண்டிருப்பர். அங்கும் அசட்டை நேர்ந்ததுண்டு. 2012 ஜனவரி 13-ந் தேதி இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஆபத்துக்கால ஒத்திகை நடைபெற்றிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதுமென்பது அன்றைய விதி. புறப்படுமுன்னரோ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டுமென்று 2015 ஜனவரி முதல் சர்வதேச விதி திருத்தப்பட்டது. உயிர்கள் போன பிறகாவது விதி மாறியது.

நம் நாட்டிலோ பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் 22 பேர் மாண்டனர். 2023 மே மாதம் மலப்புரம் ஜில்லா தானூரில் மறுபடியும் 22 பேர். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிக்கூடச் சிறுவர்கள். தானூரிலும் ஹர்ணியிலும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதாகவே செய்தி வந்தது. ஆளை எண்ணுவதற்குக்கூட நம்மிடம் ஆள் இல்லையா?

ஜனங்களின் குற்றத்தையும் மறைக்கலாகாது. வரிசையில் நிற்கச் சொன்னால் கோபம். சீட்டில் பெயரெழுதக் கேட்டால் சலிப்பு. மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளச் சொன்னால், புகைப்படத்தில் முகம் எடுபடாதென்ற கவலை! “இன்னும் இரண்டு பேர்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று சிபாரிசு பிடிக்கும் பெரிய மனிதர்கள், அந்த இரண்டு பேருக்கும் செய்வது உபகாரமன்று.

தேக்கடித் துறையில் வந்து ஏறுவோரில் பெருந்தொகையினர் தமிழர். ஆதலின் படகு கொள்ளும் தொகையும், எழுந்து நடமாடலாகாது என்ற எச்சரிக்கையும் தமிழிலும் பெரிய எழுத்தில் ஒவ்வொரு படகின் வாயிலிலும் எழுதப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லவும் ஆள் வேண்டும். இதைக் கேரள சர்க்காரிடம் வற்புறுத்துவது தமிழ்நாட்டு சர்க்காரின் கடமை. வற்புறுத்துமுன் தன் பொறுப்பிலுள்ள படகுத்துறைகளிலும் எண்ணிக்கைக் கணக்கு, சாமான் காப்பறை, பழுதற்ற மிதவைச் சட்டைகள் ஆகியவை உண்டா என்று அது சோதிக்கட்டும். கார்த்திகைக் கூட்டம் மலையேறத் தொடங்குமுன் இச்சோதனை முடிய வேண்டும்.