ஊர் சுற்றவும் படிக்கணும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அது. கோவில்பட்டியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி முறை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். மகள் நல்ல மார்க் எடுத்திருந்தாள். ஆனால் வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பில்லை.

“சுற்றுலா படிக்கப் போறாளாம். ஊர் சுத்துறதுக்கு ஒரு படிப்பா அண்ணாச்சி? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க” என்றார் தம்பி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “பெரியப்பா, வெட்டுவான் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?”

“ஒரு தடவை. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க.”

“என்ன பார்த்தீங்க?”

முழித்தேன். “கோயிலைத்தான்…”

அவள் சொன்னாள். கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செதுக்கியது அது. வேலை பாதியில் நின்றுபோனது. அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன; அவற்றின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது தண்ணீர் பாட்டில்தான்.

யோசித்துப் பாருங்கள், நம் கரிசல் பூமியில் பார்க்க என்ன இல்லை? எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. அங்கேயே உள்ள மணிமண்டபம், எழுத்தாளர் கல்கி தன் பத்திரிகை வழியாக வாசகர்களிடம் நிதி திரட்டிக் கட்டியது. 1947-ல் ராஜாஜி திறந்துவைத்தார். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இருவரையும் தந்த இடைசெவல். தெற்கே வல்லநாட்டில் 1987-ல் அமைந்த வெளிமான் சரணாலயம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய். இவற்றை ஒரு நாள் பயணமாகக் கோர்த்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் இந்த மண்ணைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மழை பெய்தால் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நண்பகலில் வயசானவர்களைப் பாறை மேல் ஏற்றக் கூடாது என்பதை எங்கோ உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவர் எப்படி அறிவார்?

இது விளையாட்டு விஷயமில்லை. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, மறக்க முடியுமா? அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டிகள், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். பயணிக்குப் பாதுகாப்பு, அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருமானம்.

சுற்றுலாப் படிப்பில் சொல்லித்தருவதும் இதைத்தான். ஓர் இடம் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும், குப்பை எங்கே போகும், வருகிற காசில் ஊருக்கு எவ்வளவு நிற்கும், ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது?

எங்கே படிக்கலாம்? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குவாலியரில் இயங்கும் சுற்றுலா மேலாண்மை நிறுவனத்துக்கு நெல்லூரில் ஒரு வளாகம் உண்டு. டிகிரி முடித்தவர்களுக்குப் புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத் துறை இருக்கிறது. மலையேற்றமே மூச்சு என்பவர்களுக்கு டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் பயிற்சி நிலையங்கள். முன்னது 1954-லும் பின்னது 1965-லும் தொடங்கியவை.

பெற்றோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஊரே தீபாவளி கொண்டாடும்போது இவர்களுக்கு வேலை இருக்கும். சேரும் முன் கல்லூரியில் கேளுங்கள்: களப்பயிற்சி எத்தனை நாள்? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் பீஸ் கட்டாதீர்கள். பிள்ளைகளும் படிக்கும்போதே முதலுதவியும் இன்னொரு மொழியும் கற்றுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவர் பிடி கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு விடியற்காலையில் எல்லோரும் கழுகுமலைக்குப் போனோம். அவள்தான் கைடு. ஒவ்வொரு சிற்பமாக நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற வெளியூர்க் குடும்பமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. தம்பி கடலைமிட்டாய் கவரைக் கீழே போட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது, அந்த வெளியூர்க்காரர் தம்பியிடம் கேட்டார்: “உங்க பொண்ணு இங்கே வேலை பார்க்குதா சார்?”

“இல்லைங்க, இனிமேதான் படிக்கப் போவுது” என்றார் தம்பி.