கண்மாய்க் கெண்டையும் தூண்டிற் போட்டியும்

மீன்பிடித்தலை ஒரு விளையாட்டாகக் கொள்ளலாமா, கொண்டால் அதில் இருசாராராய்ப் பிரிந்து போட்டியிடலாமா என்னும் வினா இவ்வாண்டு எம் நண்பர் குழாத்திற் பன்முறை எழுந்தது. பந்தாட்டத்தையும் ஓட்டப் பந்தயத்தையும் பற்றி இத்தகைய ஐயம் ஒருவருக்கும் எழுவதில்லை. தூண்டிலைக் கையிலெடுத்தவுடன் மட்டும், 'வேலையற்றவன் செய்யும் வேலை' என்று பெரியோர் முகஞ் சுளிக்கின்றனர். ஆயினும் அவர்களே அந்திப்பொழுதில் மீன்குழம்பின் மணம் எழும் திசையை நோக்குவதையும் யாம் கண்டிருக்கிறோம்.

இராஜபாளையம் என்றவுடன் பஞ்சாலையும் மாம்பழமும் வேட்டைநாயும் நினைவிற்கு வரும். திருவில்லிபுத்தூர் என்றவுடன் ஆண்டாள் திருக்கோயிற் கோபுரமும் பால்கோவாவும் வரும். மீனை எவரும் நினைப்பதில்லை. ஆனால் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் ஏறத்தாழ ஏழு கல் தொலைவில் அமைந்த இவ்விரண்டு ஊர்களும் கண்மாய்களால் வாழ்ந்த ஊர்கள். மலையினின்று இறங்கும் ஓடைநீரை வரத்துக்கால் வழியே கொணர்ந்து, ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் செல்லுமாறு முன்னோர் அமைத்து வைத்தனர். நீருள்ள இடத்தில் மீனும் உண்டு. பாண்டியர் தம் கொடியிற் பொறித்தது கயல். கயல் என்பது கெண்டையே. இவ்வூரிற் பிறந்த ஆண்டாளும் தம் திருப்பாவையில் மழைவளத்திற்கு அடையாளமாக வயலிடைத் துள்ளும் கயலையே காட்டினார். ஆதலின் கெண்டையைப் பற்றி நாலு பக்கம் எழுதுவது இம்மண்ணுக்குப் புறம்பான செயலன்று.

எனினும் இன்று நம் கண்மாய்களில் தூண்டிலுக்கு அகப்படும் பெருங்கெண்டைகளிற் பல, பாண்டியர் அறிந்த கெண்டைகள் அல்ல. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடுவன. ஒன்றின் உணவில் மற்றொன்று கைவையாது ஒரே நீர்நிலையில் வாழ்வதனால் இவற்றைச் சேர்த்து வளர்க்கின்றனர். ஓடும் வெள்ளத்திலன்றித் தேங்கிய நீரில் இவை முட்டையிடுவதில்லை. ஆதலின் முற்காலத்தில் ஆற்றில் அரித்தெடுத்த குஞ்சுகளையே தொலைதூரம் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள், ஒரிசா மாநிலத்து அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரி, அலிக்குஞ்ஞி ஆகிய அறிஞர்கள் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்ததன் பயனே, இன்று எந்த ஊர்க் கண்மாயிலும் குஞ்சு விடக் கூடிய நிலை. ஐரோப்பியர் போற்றும் சாதாக்கெண்டையின் ஒருவகை 1939ஆம் ஆண்டில் இலங்கையினின்று நீலகிரிக்கு வந்தது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959இல் வந்தன. ஜிலேபிக் கெண்டை 1952இல் வந்தது. அது கெண்டை இனமே அன்று, பெயரால் மட்டும் கெண்டை. வந்த வேகத்தில் அது கண்மாய்தோறும் பெருகிவிட்டது. அயிரையும் ஆரலும் விராலும் முன்போல் கிடைப்பதில்லை என்று முதியோர் சொல்லும் குறையை இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

நிற்க. தைத்திங்களின் ஒரு சனிக்கிழமை, இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள ஒரு கண்மாயில் யாம் பதினால்வர் தூண்டிற் போட்டி ஒன்று வைத்துக்கொண்டோம். இராஜபாளையத்தார் எழுவர், திருவில்லிபுத்தூரார் எழுவர். கண்மாய் மீன்பாசிக் குத்தகையில் இருந்தமையால், குத்தகைதாரரை முன்னதாகவே கண்டு இசைவு கேட்டோம். "தூண்டிலாலே என்ன குறைஞ்சிரப் போகுது, தம்பி? வலை மட்டும் கொண்டாராதீக" என்று அவர் சொன்னார். "சரிங்க அண்ணாச்சி" என்று வந்தோம். ஆளுக்கு ஒரு தூண்டில். காலை 6 மணி முதல் 10 மணி வரை. இடத்தைத் திருவுளச்சீட்டு முடிவு செய்யும். உள்ளங்கையினும் சிறிய மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றின் மொத்த நிறையே வெற்றியை அறுதியிடும். தோற்றவர் திருவில்லிபுத்தூரார் ஆயின் பால்கோவாவும், இராஜபாளையத்தார் ஆயின் வைகாசியில் மாம்பழமும் தருவதென்பது ஒப்பந்தம்.

கரையில் அமர்ந்த பின்னரே கெண்டையின் கூர்மை எமக்கு விளங்கிற்று. கெண்டைக்கு வாயிற் பல் இல்லை, தொண்டையில் உண்டு. ஆதலின் அது இரையைக் கவ்வி இழுப்பதில்லை. உறிஞ்சிப் பார்த்து, ஒவ்வாததை உமிழ்ந்துவிடும். தக்கை சற்றே நடுங்கி, பின் அசையாது நிற்பதன் பொருள் இதுவே. மேலும், அதன் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிறு எலும்புகளின் தொடரொன்று உண்டு. காற்றுப்பையில் எழும் அதிர்வை அது செவிக்குச் சேர்ப்பதனால், கரைமீது ஒருவன் காலைத் தொம்மென்று வைத்தாலும் கெண்டை அறிந்துகொள்ளும். எம்முள் ஒருவர் கைப்பேசியில் பாட்டு வைத்தார். அவர் பக்கத்து மூவருக்கும் ஒரு மணிநேரம் ஒன்றும் அகப்படவில்லை. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டைக்கு ரோகு வந்தது. மண்புழுவுக்கு ஜிலேபியே மிகுதியும் வந்தது. பதினால்வரும் நாலுமணி நேரம் காத்திருந்து பெற்றவை 11 மீன்கள். அவற்றுட் பெரியது 2 கிலோ 300 கிராம் நிறையுள்ள ஒரு ரோகு. திருவில்லிபுத்தூரார் 400 கிராம் வேறுபாட்டில் வென்றனர். மாம்பழம் இன்னும் வந்து சேரவில்லை. வைகாசி ஆகட்டும் என்று பொறுத்திருக்கின்றனர்.

போட்டி முடிந்தபின் ஒரு வாதம் எழுந்தது. அகப்பட்ட மீனை நிறுத்துப் பார்த்தபின் மீண்டும் நீரிலேயே விட்டிருக்க வேண்டும் என்றார் ஒரு நண்பர். இங்கிலாந்தில் கெண்டைத் தூண்டிலார் அங்ஙனமே செய்கின்றனர் என்பது உண்மை. அங்கே முள்ளின் எதிர்த்தாடையை நீக்கிவிடுகின்றனர், மீனை நனைந்த மெத்தைமீது கிடத்தி முள்ளைக் கழற்றுகின்றனர், நிறுத்தபின் விட்டுவிடுகின்றனர். 1952ஆம் ஆண்டு ரிச்சர்டு வாக்கர் என்பார் ரெட்மயர் என்னும் குளத்தில் 44 பவுண்டு நிறையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதனைக் கொல்லாது இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பினார். கிளாரிசா என்று பெயர் பெற்ற அது 1971 வரையில் அங்கே வாழ்ந்தது. மீனுக்குப் பெயரிட்டு முதுமையடையும்வரை பேணுவது அழகிய செயலே. ஆனால் அதே ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டார், விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதைச் சட்டத்தாற் தடை செய்துள்ளனர். உண்ணும் பொருட்டன்றி ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுப்பது வெறும் துன்புறுத்தலே என்பது அவர்தம் கருத்து.

இவ்விரண்டினுள் எமக்குச் சுவிட்சர்லாந்தாரின் வழக்கே உகந்ததாகத் தோன்றுகிறது. சிறுமீனை விடுதல் வேறு. அது வளர்ந்து வரட்டும் என்னும் முன்யோசனை. உண்ணத்தக்க மீனைப் பிடித்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, நான்கு பேர் கைதட்டியபின் விடுவதில் கருணை எங்கே இருக்கிறது? யாம் பிடித்த பதினொன்றும் அன்று பகலிலேயே குழம்பாயின. புலால் உண்ணாத நண்பர் இருவர் எம்முள் உண்டு. அவர்கள் நிறைகணக்கு எழுதும் பணியை மட்டும் ஏற்றுக்கொண்டனர். மீனே பிடிக்கலாகாது என்னும் அவர்தம் கொள்கையோடு யாம் வாதிடவில்லை. பிடிக்கலாம், உண்ணலாகாது என்னும் கொள்கையோடுதான் எம் வழக்கு.

ஆயின் இவ்வனைத்தினும் எம் உள்ளத்தை வருத்தியது வேறொன்று. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, எமக்கு இருபது முழத்திற்கு அப்பால் மூங்கிற் கம்பும் நரம்புமாக வந்து அமர்ந்த ஊர்ச் சிறுவன் ஒருவனைக் காவற்காரர் அதட்டி எழுப்பி அனுப்பினார். எமக்கு இசைவு இருந்தது, அவனுக்கு இல்லை. அவனுடைய பாட்டனும் முப்பாட்டனும் அக்கண்மாய்க் கரையை உயர்த்த மண்சுமந்தவர்களாக இருத்தல் கூடும். குத்தகைதாரர் மீது யாம் குறைசொல்ல வரவில்லை. அவர் ஏலத்தொகை செலுத்தியவர். குஞ்சு வாங்கி விட்டவர். மழை பொய்த்தால் முதலும் இழப்பவர். குறை ஏலத்தின் அமைப்பில் இருக்கிறது.

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்திலும், சிங்கம்புணரி, நத்தம், பொன்னமராவதி முதலிய ஊர்ப்புறங்களிலும் வேறொரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து கோடையிற் கண்மாய் வற்றத் தொடங்கும் காலத்தில் ஊரார் நாள் குறித்து அறிவிப்பார்கள். முன்பு தண்டோராப் போட்டனர். இப்பொழுது வாட்சப்பில் செய்தி பரவுகிறது. குறித்த நாளின் விடியற்காலையில் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கரையைச் சூழ்ந்து நிற்பர். ஊர்ப்பெரியோர் கண்மாய்த் தெய்வத்தை வணங்கி, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவர். அக்கணமே ஊத்தா, கச்சாவலை, பரி, கூடை, பழஞ்சேலை ஆகிய எது கையிலிருக்கிறதோ அதனோடு எல்லாரும் ஒருங்கே நீரில் இறங்குவர். ஆடவர், பெண்டிர், சிறுவர் என்னும் வேறுபாடு இல்லை. எவ்வூரார், எச்சாதியார் என்னும் வினாவும் இல்லை. அவரவர் பிடித்தது அவரவர்க்கு. அதனை விற்பதில்லை, வீட்டிற் சமைத்து உற்றாருக்குப் பகிர்கின்றனர். இங்ஙனம் செய்தால் மறு ஆண்டு மழை பொய்யாது என்பது அவர்தம் நம்பிக்கை. நிறைகோலும் பரிசும் இல்லாத போட்டி இது. ஆயினும் ஊத்தாவைப் பக்கத்தானுக்கு முன்னே குத்துவதற்கு அவர்கள் காட்டும் விரைவைப் பார்த்தவர், இதனைப் போட்டி அன்று என்று சொல்லமாட்டார்.

எம் கருத்து இதுவே: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்களில் மீன்பாசி ஏலம் விடும் கண்மாய்தோறும், ஆண்டில் ஒருநாள் ஊராருக்கென்று ஏல நிபந்தனையிலேயே ஒதுக்கப்படல் வேண்டும். குத்தகைதாரர் பெருவலை இழுத்து முடித்தபின், நீர் இடுப்பளவிற்குக் குறைந்த ஒருநாள் போதும். அன்று வெள்ளைத் துண்டு வீசட்டும். விரும்புவோர் தூண்டிலோடு கரையில் அமரட்டும். விரும்புவோர் ஊத்தாவோடு இறங்கட்டும்.

இதனால் ஏலத்தொகை குறையும், ஊராட்சிக்கு வருவாய் இழப்பு என்று சிலர் கூறுவர். சிறிது குறையலாம். பதினான்கு தூண்டில் நாலுமணி நேரத்தில் பதினொரு மீனைத்தான் பிடித்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்; ஊத்தாவுக்கு வருவதோ பெருவலை விட்டுச்சென்ற மிச்சம். தமக்கும் கண்மாய்க்கும் தொடர்பே இல்லை என்று ஊரார் எண்ணத் தொடங்கிய நாள் முதல் நேர்ந்த இழப்பை எந்த ஏலத்தொகையும் ஈடு செய்யவில்லை. வரத்துக்கால் தூர்ந்தது, நீர்ப்பிடியிற் சீமைக்கருவேலம் மண்டியது, நகரத்துக் கழிவுநீர் வந்து சேர்ந்தது, ஆகாயத்தாமரை மூடியது. 2017இல் அரசினர் குடிமராமத்து என்னும் பழைய பெயரையே சூட்டித் தூர்வாரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். பெயரைத் திரும்பக் கொணர்வது எளிது; மண்வெட்டி எடுத்து வரும் குடியைத் திரும்பக் கொணர்வது அத்துணை எளிதன்று. கண்மாயில் ஒருநாள் மீனுரிமை உடையவன், அதன் மடை உடைந்தால் ஓடிவருவான் என்று யாம் எதிர்பார்க்கிறோம்.

மீன்பிடிக்கும் பொருட்டு மடையைத் திறந்து நீரை வடித்துவிடுகின்றனர் என்று உழவர் முறையிடுவது பல ஊர்களிற் கேட்கப்படுவது. ஆதலின் அவ்வொருநாளுக்காக மடையைத் தொடலாகாது என்பதும் நிபந்தனையில் இடம்பெற வேண்டும். கண்மாய் தானே வற்றும் காலத்தையே நாள் குறிப்பதற்குக் கொள்ளவேண்டும். பங்குனியா சித்திரையா என்பதைப் பாசனக் கணக்கறிந்த நீர்ப்பாய்ச்சியும் ஊராட்சித் தலைவரும் குத்தகைதாரரும் கூடிப் பேசி முடிவுசெய்யட்டும்.

இன்னொன்றும் மறக்கற்பாலதன்று. வண்டல் அள்ளுகிறோம் என்று இயந்திரங்கொண்டு தோண்டிய ஆழ்குழிகள் பல கண்மாய்களில் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. நீச்சல் அறிந்தவனையும் அவற்றின் சேறு விடுவதில்லை. துண்டு வீசுவதற்கு முன்னாளே, குழி இருக்குமிடத்தை அறிந்த ஊரார் நால்வர் இறங்கி, மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைத்தல் வேண்டும். நம் மாணாக்கர் இப்பணிக்கு முன்வருவராயின், வரும் கோடையில் ஒரு கண்மாயிலேனும் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம். தூண்டில், நரம்பு, தக்கை ஆகியவை எம்மிடம் பதினான்கு உள.