பாதி ஏடு, பாதி நீதி

பழம் பத்திரிகைகளில் வழக்குச் செய்திகளைத் தேடுவோர் தண்டனைச் செய்தியோடு நின்றுவிடலாகாது. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த 'இந்து நேசன்' லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்திக் குத்துண்டு மாண்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-ல் ஆயுள் தண்டனை அடைந்தனர். அப்பீலை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவி கவுன்ஸில் பணிக்கவே, 1947-ல் ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. 1945-ஆம் வருஷத்து ஏட்டை மட்டும் புரட்டுவோனுக்கு இவர்கள் கொலைக் குற்றவாளிகள். 1947-ஐயும் புரட்டுவோனுக்கு நிரபராதிகள். சிறையில் கழிந்த ஈராண்டுகளை எந்த ஏடு மீட்டுத் தரும்? சங்கரன்கோவில் நிருபராயினும் சென்னை ஆசிரியராயினும், கைதானவரைக் குற்றவாளி என்று எழுதுமுன் இதனைச் சிந்திப்பாராக. கைதுக்கு அளித்த இடத்தை விடுதலைக்கும் அளிப்பதே பத்திரிகா தருமம்.