மழுப்பத் தெரியாத தூதர்... ஜெனரல் கரியப்பா!

தூதர் என்றால் சிரித்துக்கொண்டே மழுப்பத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். ஜெனரல் கே.எம்.கரியப்பாவுக்கு அது கடைசிவரை வரவே இல்லை.

குடகில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1949 ஜனவரி 15-ல், ஆங்கிலேயரான ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து பொறுப்பேற்று, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். அந்தத் தேதியைத்தான் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1953-ல் ஓய்வுபெற்றவரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கு ஹை கமிஷனராக, அதாவது தூதராக அனுப்பியது நேரு அரசு.

அது, இன்று நம் பிள்ளைகள் படிக்கப் போகும் ஆஸ்திரேலியா அல்ல. 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை அமலில் இருந்த காலம். 1901-ல் வந்த சட்டப்படி, குடியேற வருபவருக்கு அதிகாரி 50 வார்த்தைகள் வாசிப்பார். அதை அப்படியே எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவரைத் தெரியாத மொழியில் எழுதச் சொன்னால் முடிந்தது கதை! பல மொழிகள் அறிந்த பத்திரிகையாளர் எகோன் கிஷ்ஷுக்கே 1934-ல் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்து ஃபெயிலாக்கினார்கள்.

அந்த மண்ணில் நின்றுகொண்டு, 1954-ல் கரியப்பா வெளிப்படையாகவே பேசினார். இந்தக் கொள்கை இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் காமன்வெல்த்திலிருந்து விலக்கி, கம்யூனிஸத்தின் பக்கம் தள்ளுகிறது என்றார். கம்யூனிஸம் என்றாலே ஆஸ்திரேலியா மிரண்டுகொண்டிருந்த ஆண்டு அது. சர்ச்சை வெடித்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரரின் குறையைச் சொல்லலாமா என்று கேட்கலாம்தான். ஆனால், அந்த வீட்டின் வாசலில் தடுக்கப்பட்டவர்களில் அவருடைய மக்களும் இருந்தார்களே!

கரியப்பா 1956 வரை அந்தப் பதவியில் நீடித்தார். எழுத்துத் தேர்வு 1958-ல் ஒழிந்தது. கொள்கை முழுமையாக முடிவுக்கு வர 1973 ஆனது. அவர் பேச்சால்தான் எல்லாம் மாறியது என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள், பல குரல்கள்.

தூதர் பணி முடிந்த பிறகும் மனிதர் மாறவில்லை. 1965 போரில், விமானப்படையில் இருந்த அவர் மகன் நந்தா பாகிஸ்தானிடம் சிக்கினார். அந்நாட்டு அதிபர் அயூப் கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். மகனை விடுவிக்க முன்வந்தபோது, "கைதிகள் எல்லோருமே என் பிள்ளைகள்தான். அவனுக்கு மட்டும் சலுகை வேண்டாம்" என்ற ரீதியில் கரியப்பா மறுத்ததாக ராணுவ வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

நந்தா வீடு திரும்ப நான்கு மாதங்கள் ஆயின.