பத்து வயதில் வடிகட்டுவதா?

நவோதயப் பள்ளிகளைத் தமிழ்நாட்டில் திறக்கலாமா என்ற வாதம் நெடுநாளாக நடந்து வருகிறது. 1986-ம் ஆண்டுக் கல்விக் கொள்கை வகுத்த இப்பள்ளிகளை, இருமொழிக் கொள்கையைக் காரணம் காட்டித் தமிழ்நாட்டு அரசுகள் ஏற்கவில்லை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இவற்றைத் திறக்க வழிசெய்யுமாறு உத்தரவிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மொழிப் பிரச்னை முக்கியமானதே. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஐந்தாம் வகுப்புக் குழந்தையைத் தேர்வு வைத்து வடிகட்டலாமா?

இப்பள்ளிகளில் படிப்பும் சாப்பாடும் தங்கும் இடமும் உண்டு. முக்கால் பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியும், சேரன்மகாதேவியில் நாற்று நடும் தாயும் தம் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கினால் அது குற்றமல்ல. ஆனால் ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் சேரக்கூடியவர்கள் அதிகபட்சம் 80 பேர். மாவட்டத்துக்குப் பொதுவாக ஒரே பள்ளி. மற்றக் குழந்தைகள்? பத்து வயதிலேயே ‘தேறாதவன்’ என்ற முத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

விளையாட வேண்டிய மாலை நேரத்தைப் பரீட்சைப் பயம் தின்கிறது. காசுள்ள வீட்டில் தனிப் பயிற்சி. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டில் அதற்கும் வழியில்லை. இதற்குக் காரணம் குழந்தையின் மந்தமுமல்ல, பெற்றோரின் பேராசையுமல்ல. நல்ல பள்ளியைச் சிலருக்கு மட்டும் அளந்து கொடுக்கும் ஏற்பாடே காரணம்.

இங்கிலாந்தில் 1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாந்தரப் பள்ளியில் ஒதுக்கப்பட்டனர். 1965-ல் லேபர் அரசாங்கமே இம்முறையைக் கைவிடும்படி ஸ்தல நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டது. இங்கேயும் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் மாநில அரசு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரியில் அரசு அதை வாபஸ் வாங்கியது.

கன்னடியன் கால்வாயில் தலைமடை வயல் நாலுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ‘விளைச்சலைப் பாரீர்’ என்று காட்டினால் கடைமடை விவசாயி சும்மா இருப்பாரா? கல்விக்கும் அதே நியாயம்தான்.

எனவே நாம் கோருவது இதுவே: ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், நூலகம், ஆய்வுக்கூடம், விளையாட்டுத் திடல் வேண்டும், தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதி வேண்டும். 80 பேருக்குக் கொடுக்க முடிந்ததை எல்லோருக்கும் கொடு! இக்கோரிக்கையைச் சங்கக் கூட்டங்களிலும் கிராம சபைகளிலும் உழைக்கும் மக்கள் உரக்க எழுப்ப வேண்டும்.